தொழிற்பாடம் வேண்டும், குலத்தொழில் வேண்டாம்!

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உயர்நிலைப் பள்ளியில் தொழிற்பாடங்களும் கலைப்பாடங்களும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. தச்சு, தையல், தட்டெழுத்து, தோட்டக்கலை, ஓவியம், இசை, மனையியல் என்று பள்ளியில் விருப்பப் பாடமாக வைக்கிறார்களே, அவற்றைப் பற்றிப் பேச வேண்டும். தேர்தலைப் பற்றிப் பேசினால் கூட்டம் நிறையும். குடியிருப்பு உரிமையைப் பற்றிப் பேசினால் தெருவே நிறையும். இதற்கு யார் வருவார்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். "பெற்றோர்கள் வருவார்கள், சும்மா வர மாட்டார்கள், கேள்வியோடு வருவார்கள்" என்றார். வந்திருக்கிறீர்கள். எனக்கு மகிழ்ச்சி, கொஞ்சம் பயமும்கூட.

நம் குடும்பங்களில் இதைப் பற்றி இரண்டு குரல் கேட்கிறது. ஒரு தகப்பனார் சொல்கிறார்: "பத்தாவது வரைக்கும் படித்து இவன் என்ன கண்டான்? பள்ளிக்கூடத்திலேயே ஒரு தொழிலைச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்நேரம் நாலு காசு சம்பாதிப்பான்." பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார்: "நான் இருபது வருஷமாக ஊசியும் நூலுமாகக் கிடக்கிறேன். என் மகள் இதிலிருந்து தப்பட்டும் என்றுதான் பள்ளிக்கு அனுப்பினேன். அங்கேயும் அவள் கையில் ஊசியைக் கொடுத்தால் நான் எதற்கு அனுப்ப வேண்டும்?"

தோழர்களே, இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவருக்கும் சேர்த்து ஒரே பதில் வேண்டுமென்றால் நாம் 1953-ஆம் ஆண்டுக்குப் போய்விட்டு வர வேண்டும். ஏன் அந்த ஆண்டு என்று சொல்கிறேன்.

ஒரே ஆண்டில் இரண்டு திட்டங்கள்

1953-ல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் இராஜாஜி அவர்கள். அந்த ஆண்டு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தார். பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டில் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். மேலுக்குப் பார்த்தால் அழகான திட்டம். பள்ளிகளில் இடம் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, இப்படிச் செய்தால் இரண்டு முறை வகுப்பு நடத்தலாம், கைத்தொழிலும் அழியாது என்று காரணங்கள் சொல்லப்பட்டன.

ஆனால் சிந்தித்துப் பாருங்கள். வண்ணார் வீட்டுப் பிள்ளை எதைக் கற்கும்? துணி வெளுக்கக் கற்கும். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்கக் கற்கும். நிலமே இல்லாத பண்ணையாளின் பிள்ளை அடுத்தவன் நிலத்தில் மாடு மேய்க்கக் கற்கும். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையும் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் மட்டும் மதியத்திற்கு மேல் புத்தகம் படிக்கும். பெரியார் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. திராவிடர் கழகம் போராடியது. 1953 ஜூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் இது ஒரு முனை. காங்கிரசுக்கு உள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சர் ஆனார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. இது உங்களில் பலருக்குத் தெரிந்த வரலாறு.

பலருக்குத் தெரியாத இன்னொன்று அதே ஆண்டில் நடந்தது. மேனிலைக் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய 1952 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்திருந்தது. அதன் தலைவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். மருத்துவர்; அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். நாடு முழுவதும் முதலியார் கமிஷன் என்று சொன்னது அதைத்தான். அந்தக் குழு தன் அறிக்கையை 1953 ஆகஸ்டில் கொடுத்தது. தமிழ்நாட்டுத் தெருக்களில் குலக்கல்வியை எதிர்த்து முழக்கம் எழுந்த அடுத்த மாதம்!

அந்த அறிக்கையும் கைத்தொழில் வேண்டும் என்றுதான் சொன்னது. ஆனால் அது சொன்ன விதம் வேறு. பிள்ளையைத் தகப்பன் தொழிலுக்கு அனுப்பு என்று அது சொல்லவில்லை. தொழிலைப் பள்ளிக்குள் கொண்டு வா, பலவற்றைக் கொண்டு வா, பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும் என்றது. ஒன்று பிறப்பைப் பார்த்தது. மற்றொன்று விருப்பத்தைப் பார்த்தது. இந்த வேறுபாட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டால் இன்றைய எல்லாத் திட்டங்களையும் உரசிப் பார்க்கலாம்.

ஏழு வாசல்கள்

முதலியார் குழு கேட்டது பல்நோக்கு உயர்நிலைப் பள்ளி. ஒரே கூரையின் கீழ் பல பாதைகள். எல்லாப் பிள்ளைகளும் மொழிகள், சமூகக் கல்வி, கணிதத்தோடு சேர்ந்த பொது அறிவியல் படிக்க வேண்டும். எல்லாரும் ஒரு கைத்தொழிலும் பழக வேண்டும். நூற்பு நெசவு, மரவேலை, உலோக வேலை, தோட்ட வேலை, தையல், அச்சுக் கோப்பு, பட்டறைப் பயிற்சி, பூத்தையல், களிமண் உருவம் செய்தல் என்று அதற்கு ஒரு பட்டியல் இருந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் விலக்கு இல்லை.

அதற்கு மேல் ஏழு பிரிவுகள். மானிடவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல். ஏதாவது ஒரு பிரிவிலிருந்து மூன்று பாடங்களை மாணவன் எடுத்துக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் என்றால் வடிவகணித வரைபடம், எந்திரப் பொறியியலின் தொடக்கப் பாடங்கள், மின்சாரம். வணிகம் என்றால் கணக்குப் பதிவு, சுருக்கெழுத்து, தட்டெழுத்து. வேளாண்மை என்றால் பயிர், கால்நடை, தோட்டம். நுண்கலை என்றால் ஓவியம், சிற்பம், இசை, நடனம். மனையியல் என்றால் ஊட்டச்சத்து, சமையல், குழந்தை வளர்ப்பு, வீட்டில் நோயாளியைப் பேணுதல்.

சென்னை மாநிலத்தில் அதற்கு முன்பே சில உயர்நிலைப் பள்ளிகளில் 'பைபர்கேட்டட் கோர்ஸ்' என்று ஒன்று நடந்தது. பொறியியல், செக்ரட்டேரியல், விவசாயம், நெசவு, ஓவியம் என்று எஸ்.எஸ்.எல்.சி.யிலேயே பிரித்து எடுக்கலாம். நம் பெரியவர்களின் பழைய சான்றிதழ்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் இந்தப் பாடங்களின் பெயர் இருக்கலாம்.

பட்டறையில் படிக்கும் கணக்கு

இந்தப் பாடங்களால் என்ன பயன்? ஆணி அடிக்கக் கற்பதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அடிக்க மட்டும் கற்பதென்றால் பள்ளிக்கூடம் தேவையில்லை.

ஒரு கொத்தனார் சுவருக்கு மூலை பிடிக்கிறார். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறி வைக்கிறார். குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி, வராவிட்டால் கோணல். அவருக்குச் செய்யத் தெரியும், ஏன் என்று தெரியாது. பள்ளி மாணவனுக்குப் பிதாகரஸ் தேற்றம் என்று பெயர் தெரியும், அதை வைத்து ஒரு மூலையைப் பிடிக்கத் தெரியாது. இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக ஆக்குவதுதான் பள்ளிப் பட்டறையின் வேலை.

தையலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பளவு 32 அங்குலம் என்றால் நாலில் ஒரு பங்கு 8. அதோடு தளர்வுக்குக் கொஞ்சம், தையலுக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும். பின்னக் கணக்கு என்றால் ஓடும் பிள்ளைக்கு இது ஒரு சட்டையில் புரிந்துவிடுகிறது. தப்பாகக் கணக்குப் போட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்க வேண்டியதில்லை; சட்டையே சொல்லிவிடும்.

ஆலைத் தோழர்களுக்கு இன்னொன்று தெரியும். ஹெல்பருக்கும் ஃபிட்டருக்கும் என்ன வேறுபாடு? கை பலம் இருவருக்கும் ஒன்றுதான். ஹெல்பர் அதிகமாகவே தூக்குவார். ஃபிட்டருக்கு வரைபடம் படிக்கத் தெரியும். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி, அளவு எங்கே எழுதியிருக்கிறது என்று தாளைப் பார்த்தே பொருளைக் கண்ணில் கொண்டு வருவார். அந்தத் தாளைப் படிக்கத் தெரியாததால் முப்பது வருஷம் ஹெல்பராகவே ஓய்வு பெற்ற தமிழர்கள் எத்தனை பேர்! மரவேலை வகுப்பில் ஒரு ஸ்டூல் செய்யும் முன் அதைப் படமாக வரையச் சொல்கிறார்களே, அந்தப் படம்தான் முக்கியம். ஸ்டூல் ஆடினாலும் பரவாயில்லை.

படம் வரைவது பணக்காரப் பொழுதுபோக்கா?

கலைப்பாடம் என்றால் நம் வீடுகளில் சிரிப்பு. "பாட்டுப் பாடினால் சோறு வருமா?" என்று கேட்கிறோம். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்; அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். நம் மாநிலமாகிய மகாராஷ்டிராவில் அரசின் கலை இயக்ககம் பள்ளி மாணவர்களுக்கு ஓவியத் தேர்வு நடத்துகிறது. எலிமெண்டரி, இண்டர்மீடியட் என்று இரண்டு படி. கோடு, நிழல், பூ வேலை, எழுத்து வடிவம், பொருளைப் பார்த்து வரைதல் எல்லாம் அதில் உண்டு. இண்டர்மீடியட் தேறிய மாணவருக்கு எஸ்.எஸ்.சி. தேர்வில் விதிப்படி கூடுதல் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. மராத்தி வீட்டுப் பிள்ளைகள் இதைத் தெரிந்து எழுதுகிறார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியவில்லை. மொழி தெரியாத பிள்ளையும் இதை எழுதலாம். பென்சிலுக்குத் தமிழ், மராத்தி கிடையாது.

மதிப்பெண்ணை விடுங்கள். துணி அச்சடிப்பு, நகை வடிவம், தோல் பை வடிவம், விளம்பரப் பலகை, அச்சகம், திரைப்பட அரங்கம் என்று இந்த மும்பை நகரம் வடிவத்தால் பிழைக்கும் நகரம். பை தைப்பவர் நம்மவர். அந்தப் பை எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்தவர் வேறொருவர். கூலி யாருக்கு அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தட்டெழுத்து தந்த ரயில் பயணம்

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு காலத்தில் பம்பாய், டெல்லி, கல்கத்தா அலுவலகங்களில் தமிழர்கள் ஏன் அத்தனை பேர் இருந்தார்கள்? ஆங்கிலம் ஒரு காரணம். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் இன்னொரு காரணம். பள்ளியில் செக்ரட்டேரியல் பாடம் எடுத்தவர்கள் சிலர். தெருமுனை இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்கள் பலர். சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தாதர் ரயிலடியில் இறங்கினார்கள். பெரும்பாலும் படிப்பு வசதி முன்பே கிடைத்த சாதியினர் அவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே ரயிலில் திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து தாராவியில் தோல் பதனிட்டவர்களுக்கு அந்த இன்ஸ்டிட்யூட்டின் வாசல் திறக்கவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? 1960-களில் 'மார்மிக்' வார இதழ் அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டது. 1966-ல் சிவசேனை பிறந்தது. அலுவலகத் தமிழரைக் காட்டிக் கோபத்தை மூட்டினார்கள்; அடி விழுந்ததில் இட்லிக் கடைக்காரரும் கூலிக்காரரும் உண்டு. எழுபது, எண்பதுகளில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் கணினி வந்து தட்டெழுத்துப் பொறியையே மூலையில் தள்ளிவிட்டது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. பள்ளியில் கற்ற ஒரு கைத்திறன் ஒரு தலைமுறையையே ஆயிரம் மைல் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த ஒரு திறனை மட்டும் நம்பினால், பொறி மாறும்போது ஆளும் காலாவதி ஆவான். ஆகவே தொழிற்பாடம் வேண்டும். அது மட்டுமே போதும் என்று இருக்கக்கூடாது.

ஏன் தோற்றது?

முதலியார் திட்டம் இவ்வளவு நல்லதென்றால் ஏன் நிலைக்கவில்லை? பல்நோக்குப் பள்ளிகள் நாடெங்கும் திறக்கப்பட்டன. ஆனால் முதல் முட்டுக்கட்டை ஆசிரியர். லேத் ஓட்டத் தெரிந்து, பாடமும் நடத்தத் தெரிந்தவர் எங்கே இருக்கிறார்? அவரை உருவாக்க அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு இடங்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள் 1963-64-ல் தொடங்கப்பட்டன. அறிக்கை வந்தது 1953-ல். பத்து வருஷம் ஆசிரியர் இல்லாமலே வகுப்பு நடத்தப் பார்த்தார்கள்.

இரண்டாவது, கருவி. அறிவியல் வகுப்புக்குக் கரும்பலகை போதும் என்று ஏமாற்றலாம். தச்சு வகுப்புக்கு இழைப்புளியும் உளியும் ரம்பமும் மரமும் வேண்டும். உலோக வேலைக்கு வைசும் அரமும் வேண்டும். பல பள்ளிகள் செலவில்லாத பிரிவுகளை மட்டும் திறந்துவிட்டுப் பல்நோக்குப் பள்ளி என்று பலகை மாட்டிக்கொண்டன. ஏழு வாசல் அறிக்கையில் இருந்தது; பள்ளியில் இரண்டோ மூன்றோதான் திறந்தது. தொழிற்சாலைகளிடம் தொழிற்கல்வி வரி வாங்கி இந்தச் செலவைச் செய்யலாம் என்று முதலியார் குழு யோசனை சொல்லியிருந்தது. அந்த யோசனை காகிதத்தோடு நின்றது.

மூன்றாவதுதான் பெரியது. மேலே போகப் படி இல்லை. தொழில்நுட்பமோ விவசாயமோ எடுத்த மாணவன் பிறகு கல்லூரிக்குப் போக நினைத்தால் கதவு இறுக்கமாக இருந்தது. அந்தக் கதவைப் பார்த்த பெற்றோர், அறிவியல் பிரிவில் இடம் கிடைக்காத பிள்ளையை மட்டுமே அங்கே அனுப்பினார்கள். 'படிப்பு வராதவனின் வகுப்பு' என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் ஒட்டிய பாடம் எதுவும் பிழைத்ததில்லை.

இறங்கிக்கொண்டே வந்த இலக்கு

1964 முதல் 1966 வரை கோத்தாரி குழு ஆராய்ந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளையைப் பிரிவு பிரிக்காதே, பத்தாண்டு பொதுக்கல்வி கொடு, எல்லாருக்கும் பணி அனுபவம் கொடு என்றது. அது சரியான பேச்சு. பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களில் பாதிப் பேர் 1986-க்குள் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்றும் இலக்கு வைத்தது.

1977-ல் ஈசுவர்பாய் பட்டேல் குழு, சமுதாயப் பயனுள்ள ஆக்கப்பணி என்று பெயர் மாற்றியது. 1978-ல் நம் வேலூர்க்காரர் மால்கம் ஆதிசேசையா தலைமையிலான குழு, மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வி எப்படி அமைய வேண்டும் என்று அறிக்கை தந்தது. அதே 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. அதில் தொழிற்பிரிவும் வந்தது.

1986 வந்தது. கோத்தாரி சொன்ன பாதி எங்கே? அந்த ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 1990-க்குள் 10 விழுக்காடு, 1995-க்குள் 25 விழுக்காடு என்று இலக்கைக் குறைத்துக்கொண்டது. 2020-ன் கொள்கையோ, 19 முதல் 24 வயது வரையுள்ள தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை மேற்கோள் காட்டி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, 2025-க்குள் பாதிப் பேருக்குத் தொழிற்கல்வி அறிமுகம் என்று மறுபடியும் பாதியில் வந்து நின்றது. அறுபது ஆண்டில் பாதியிலிருந்து பாதிக்கு!

புதிய சட்டியில் பழைய குழம்பு

2020 கொள்கை, ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அறிமுகம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் போய், தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் ஆகியோரிடம் பழக வேண்டும் என்கிறது. படிப்புக்கும் தொழிலுக்கும் நடுவே சுவர் கூடாது என்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் அந்தப் பத்து நாளும் போனால் நான் கைதட்டுவேன். கட்டணப் பள்ளிப் பிள்ளை ரோபோ செய்யவும், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளை பானை செய்யவும் போனால், அதற்குப் பெயர் என்ன என்று 1953-லேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இதோடு இன்னொரு சட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள். 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்று அது கடுமையாகச் சொல்கிறது; நல்லது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. குடும்பத் தொழில் யாருக்கு இருக்கிறது? விடியற்காலை மாவு அரைத்து இட்லி ஊற்றும் வீட்டில் இருக்கிறது. முறுக்குப் பிழியும் வீட்டில் இருக்கிறது. பைக்கு ஜிப் வைக்கும் வீட்டில் இருக்கிறது. அங்கே பிள்ளை உதவுவதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன், வயிற்றுப்பாடு. அந்த உதவியைக் கல்வி என்று யாராவது பெயர் சூட்டினால் அதைத்தான் எதிர்க்கிறேன்.

2023-ல் விசுவகர்மா திட்டம் என்று ஒன்று வந்தது. பரம்பரையாகத் தொழில் செய்பவர்களுக்குக் கடனும் பயிற்சியும். பதினெட்டு வயதிலேயே சேரலாம். கைவினைஞருக்கு உதவுவது வேண்டியதுதான். ஆனால் பதினெட்டு வயது என்பது கல்லூரி வாசலில் நிற்கும் வயது. அந்த வயதில் அப்பன் தொழிலுக்குக் கடன் நீட்டுவது எந்தப் பக்கம் இழுக்கும்? குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு, வயதை 35 ஆக்கு என்று கேட்ட தமிழ்நாடு அரசு, 2024-ல் அதை அந்த வடிவில் ஏற்க மறுத்தது. 1953-ன் நினைவு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. நம்மிடம் இருக்கிறதா?

பெண் பிள்ளைக்கு அடுப்பு மட்டுமா?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பள்ளிகளில் மனையியல் என்றால் பெண், தச்சு என்றால் ஆண் என்று சொல்லாமலே பிரித்துவிட்டார்கள். மனையியல் மட்டமான பாடம் இல்லை. எந்த உணவில் என்ன சத்து, காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு எவ்வளவு நீர், வருமானத்தில் எதற்கு எவ்வளவு என்பதெல்லாம் அறிவியல். அப்படியானால் அதை ஆண் பிள்ளை ஏன் படிக்கக்கூடாது? ஊரிலிருந்து வந்து எட்டுப் பேராக ஒரே அறையில் தங்கி, வெந்ததும் வேகாததுமாகத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்ட ஆண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். கை தூக்கச் சொல்ல மாட்டேன். பெண் பிள்ளை மின்சார வேலை கற்கட்டும், ஆண் பிள்ளை சமையல் கற்கட்டும். பிறப்பைப் பார்த்துப் பாடம் பிரிக்காதே என்பது சாதிக்கு மட்டும் பொருந்தும் கொள்கையா?

தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பள்ளியில் தொழிற்பாடம் எடுக்கலாமா என்று உங்கள் பிள்ளை கேட்டால், உடனே சரி என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். பள்ளிக்குப் போய் நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று, இந்தப் பாடத்துக்கென்று ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது வேறு பாட ஆசிரியர் வந்து உட்காருவாரா? இரண்டு, கருவி இருக்கிறதா, எத்தனை பிள்ளைக்கு ஒன்று? பூட்டிய அலமாரியைக் காட்டினால் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று, இதை எடுத்தால் எந்தப் பாடத்தை விட வேண்டும்? கணிதத்தையோ அறிவியலையோ மொழியையோ விட வேண்டும் என்றால் மிகவும் யோசியுங்கள். நான்கு, இதை முடித்தவன் மேலே எங்கே போகலாம்? வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கேளுங்கள்.

படி இருக்கிறதா என்று நாமும் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போகலாம். இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் விதிகளுக்கு உட்பட்டு டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். டிப்ளமா முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். 1961-ன் பயிலுநர் சட்டப்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் உதவித்தொகை கொடுத்துப் பயிலுநர்களை எடுத்தாக வேண்டும். இவையெல்லாம் நம் உரிமை. யாரும் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல மாட்டார்கள். சங்கம்தான் சொல்ல வேண்டும்.

நம் கோரிக்கை

ஆகவே, இந்தக் கூட்டத்தின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறேன். தொழிற்பாடமும் கலைப்பாடமும் எல்லாப் பள்ளிகளிலும் இருக்க வேண்டும். ஏழைப் பள்ளிக்கு மட்டும் என்று இருக்கக்கூடாது. அது கணிதம், அறிவியல், மொழியோடு கூடுதலாக வர வேண்டும். அவற்றைப் பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. பாதியில் மாற்றிக்கொள்ளப் பிள்ளைக்கு உரிமை வேண்டும். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதன் தமிழ்வழிப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியரும் பட்டறையும் வேண்டும் என்று மனுக் கொடுப்போம். ஓவியத் தேர்வுக்கு நம் சங்க அறையிலேயே ஞாயிறு வகுப்பு தொடங்குவோம். ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற தோழர்கள் வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுக்க முன்வர வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் வித்தை அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல. தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைக்கும் உரியது. குலக்கல்விக்கு நேர் எதிரான கல்வி என்று நான் சொல்வது இதைத்தான்.

தகப்பனாரே, உங்கள் மகன் தொழில் கற்கட்டும். எந்தத் தொழில் என்று அவன் சொல்லட்டும். அம்மா, உங்கள் மகள் ஊசியைத் தொட்டால் பதறாதீர்கள். அவள் வேறு எதையும் தொட முடியாதபடி செய்தால் மட்டும் பதறுங்கள், எங்களையும் கூப்பிடுங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.